பூஜைக்கு வைத்த மருந்துப்பெட்டி

அத்தியாயம் 11

துர்காஷ்டமி. வெள்ளிக்கிழமை. காலை பத்தே முக்கால்.

ஒரு கையில் மூடி போட்ட பெரிய பாத்திரம், இன்னொரு கையில் நீளமான பித்தளைக் கரண்டி. ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து பள்ளிக்கூட கேட் வரை விஜயலக்ஷ்மி நடந்தே வந்துவிட்டாள்.

பாத்திரத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல். மூன்றாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்திரண்டு குழந்தைகள். 'நவராத்திரிப் பிரசாதம் என் பொறுப்பு' என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. வேறு வீட்டிலிருந்து வந்தால் அதில் என்ன விழுந்திருக்கும், எந்த எண்ணெயில் தாளித்திருப்பார்கள் என்று யோசித்தே அவள் உயிர் போய்விடும்.

காரணம், பார்கவி என்கிற பாரு. எட்டு வயசு. ஒரே பெண். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது.

வயிறு உப்பிக்கொள்கிற மாதிரியான 'ஆகாது' இல்லை. போன வருஷம் ஆண்டுவிழாவில் யாரோ நீட்டிய கடலைமிட்டாயில் ஒரே ஒரு கடி. பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து, ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையின் கண் செருகிவிட்டது. 'அடுத்த தடவை இங்கே வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கப்படாது. நின்ற இடத்திலேயே ஊசி போட்டாகணும்' என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

யார் வேண்டுமானாலும் போடக்கூடிய அந்தப் பேனா ஊசி இந்த ஊர் மருந்துக்கடை எதிலும் இல்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் தம்பி வெங்கிடேஷ் அமெரிக்கா போய்த் திரும்பியபோது இரண்டு கொண்டுவந்தான். ஒன்று வீட்டில். இன்னொன்று பள்ளியின் மருந்துப்பெட்டியில்.

பள்ளியில் அதை வாங்கிக்கொள்ள வைப்பதற்குள் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான்கு பள்ளிக்கூடங்கள் கையை விரித்தன. ஐந்தாவதாக இந்தப் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ் செல்லபாய் டீச்சர் சரி என்றார். ஆனால் பள்ளியை நடத்தும் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் ஒரு காகிதத்தை நீட்டினார். 'வீட்டிலிருந்து வரும் உணவாலோ பாத்திரத்தாலோ குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால், மறுபேச்சில்லாமல் டி.சி. வாங்கிக்கொள்கிறோம்.'

விஜயலக்ஷ்மி படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"மாமி வந்தாச்சோ? கொண்டா, நான் பிடிக்கறேன்."

அட்டெண்டர் சரசம்மா ஓடி வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். ஐம்பது வயசு. நெற்றியில் சந்தனம், முண்டும் நேரியதும் கஞ்சி மொடமொடப்பு.

"என்ன சரசம்மா, இன்னிக்கு விசேஷ உடுப்பு?"

"பூஜைவைப்பு இல்லையோ? வெளுப்பினு நாலு மணிக்கே குளிச்சேன், கேட்டோ." கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் வேர்க்கடலை வறுபடும் வாசனை வந்தது. சரசம்மா மூக்கைச் சுளித்துச் சிரித்தாள். "இருபது கொல்லமா தினசரி ஒரு பொட்டலம் கப்பலண்டி தின்னவளாக்கும் நான். ஜூன்ல நிறுத்தியாச்சு."

"எதுக்கு?"

"பாருக்குட்டி என் கையைப் பிடிச்சோண்டு அல்லே நடக்கறா."

விஜயலக்ஷ்மி கரண்டியையும் அவள் கையில் கொடுத்தாள்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் சுண்டல் நைவேத்தியம் ஆயிற்று. குழந்தைகளின் புஸ்தகங்களை ஏற்கெனவே பூஜை அறைக்குள் அடுக்கியாகிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். அதுவரை படிப்பு கிடையாது, எழுத்து கிடையாது. மேனேஜர் தன் கையாலேயே கதவைப் பூட்டி, சாவியை ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு, கோட்டைக்குள் நவராத்திரி கச்சேரிக்குக் கிளம்பிப் போனார்.

வராந்தாவில் வரிசையாக வாழையிலைத் துண்டுகள். சரசம்மா சுண்டலை விளம்பிக்கொண்டே வந்தாள்.

"எனிக்குக் கொஞ்சம் கூடுதல் வேணும் சேச்சி," என்றாள் பார்கவி.

"உன் அம்மா உண்டாக்கினது. ஆத்துல தின்னா போராதோ?"

"ஆத்துல இத்தனை தேங்காய் போடமாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். விஜயலக்ஷ்மியும் சிரித்தாள். ஜூனிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்பு ஐந்து நிமிஷம் நீடித்தது.

"அம்மா, நாக்கு அரிக்கறது."

விஜயலக்ஷ்மி திரும்பினாள். பார்கவியின் மேலுதட்டில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாயிற்று. கழுத்தில் சிவப்பு ஏறியது.

"என்ன தின்னே? வேற என்ன தின்னே? சொல்லு!"

"ஒண்ணும் தின்னலை. சுண்டல்தான்..." குரல் கரகரத்தது. இருமினாள். இருமலுக்கு நடுவே இழுத்த மூச்சில் ஒரு கீச்சுச் சத்தம்.

அந்தச் சத்தம் விஜயலக்ஷ்மிக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம்.

"பெட்டி! மருந்துப்பெட்டி!"

ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினாள். அலமாரியின் இரண்டாவது தட்டு. சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளைப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம் தூசி இல்லாமல் இருந்தது. பெட்டி இல்லை.

"சரசம்மா! பெட்டி எங்கே?"

சரசம்மா பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மாமி... பூஜைக்கு வச்சேன்."

"என்னது?"

"எல்லாரும் அவாவாளோட ஆயுதம் வைக்கிற நாள் இல்லையோ. உயிர் காக்கற பெட்டி, அதுக்கும் ஒரு சந்தனம் தொட்டு வைக்கணும்னு... பாருக்குட்டிக்காகத்தான் வச்சேன் மாமி... தேவியோட காலடியில..."

கதவு. பூட்டு. சாவி கோட்டைக்குள் எங்கோ ஒரு ஜிப்பா பையில்.

செல்லபாய் டீச்சர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விஷயம் புரிந்ததும் ஸ்டாஃப் ரூம் போனை எடுத்து மேனேஜர் வீட்டைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"டீச்சர், உடைக்கச் சொல்லுங்கோ!"

"நடுவுல பூஜை அறையைத் தொறக்கறதுன்னா... விஜயலக்ஷ்மி, மேனேஜரோடு ஒரு வார்த்தை..."

"டீச்சர்!"

வராந்தாவில் பார்கவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு அவளுடையதாகவே இல்லை. தோள் இரண்டும் மேலே போய் மேலே போய் இறங்கின.

செல்லபாய் டீச்சர் ஒரு தடவை பார்த்தார். போனைக் கீழே வைத்தார்.

"உடை, சரசம்மே."

எதை வைத்து உடைப்பது? வெட்டுகத்தி உள்ளே. சுத்தியல் உள்ளே. தோட்டத்து மண்வெட்டி, கடப்பாரை, திருப்புளிகூட உள்ளே. பள்ளிக்கூடத்தில் இரும்பு என்று இருந்த அத்தனையும் சந்தனப் பொட்டோடு தேவியின் காலடியில் இருந்தது.

சரசம்மா ஒரு கணம்தான் நின்றாள். வராந்தாக் கோடியில் பள்ளிக்கூட மணி தொங்கியது. அதை அடிக்கிற இரும்புத்துண்டை மட்டும் அவள் பூஜைக்கு வைக்கவில்லை. கடைசி மணி அடிக்க வேண்டுமே. அதை உருவிக்கொண்டு ஓடி வந்தாள்.

முதல் அடி. பூட்டு ஆடியது. இரண்டாவது அடியில் அவள் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்தது. "தேவீ, க்ஷமிக்கணே, தேவீ, க்ஷமிக்கணே" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை சொன்னாள். ஐந்தாவது அடியில் பூட்டு அப்படியே இருக்க, நாதாங்கி பிய்த்துக்கொண்டு வந்தது.

புஸ்தகக் குவியலைத் தாண்டி விஜயலக்ஷ்மி பாய்ந்தாள். பெட்டி. மூடியில் சந்தனம், ஒரு செம்பருத்திப் பூ. பூ எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

பேனா கைக்கு வந்துவிட்டது. பார்கவியைப் படுக்க வைத்தார்கள். வீட்டில் ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை வைத்துக்கொண்டு தலையணையில் நூறு தடவை குத்திப் பழகியவள் விஜயலக்ஷ்மி. இந்தப் பள்ளியில் இரண்டு டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஒருவர் செல்லபாய் டீச்சர். பேனாவைப் பார்த்ததுமே அவர் பின்வாங்கினார். மற்றவர் வகுப்பு டீச்சர் ஸ்மிதா, காய்ச்சலில் லீவு.

சாம்பல் நிற மூடியைப் பிடுங்கினாள். கையை ஓங்கினாள்.

"மாமீ, நில்லு! மறிச்சுப் பிடிச்சிருக்கு!"

சரசம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பேனா தலைகீழாக இருந்தது. ஊசி வருகிற கறுப்பு முனைமேல் விஜயலக்ஷ்மியின் கட்டைவிரல். அழுத்தியிருந்தால் இருந்த ஒரே மருந்தும் அவள் விரலுக்குள் போயிருக்கும்.

"கறுப்பு கீழே. தொடையோட வெளிப்பக்கம். பாவாடைக்கு மேலேயே போதும். நீங்கதான் சொன்னது. ஜூன்ல நீங்க டீச்சர்மாருக்குச் சொல்லிக்கொடுக்கும்போ, நான் வாசல்ல தூத்துண்டு நின்னேன்."

அந்தப் பாடத்துக்கு அட்டெண்டரையும் கூப்பிட வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. விஜயலக்ஷ்மிக்கும் தோன்றவில்லை.

சரசம்மா பேனாவைத் திருப்பினாள். விஜயலக்ஷ்மியின் கையின்மேல் தன் கையை வைத்தாள். இரண்டு கைகளும் சேர்ந்து இறங்கின. 'டக்' என்று ஒரு சத்தம். பார்கவி வீறிட்டாள்.

"எடுக்கண்டா, அப்படியே இருக்கட்டும். எண்ணணும். ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பத்து எண்ணி முடிக்கிறவரை சரசம்மாவின் குரல் பிசகவே இல்லை. பேனாவை எடுத்த பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோ டிரைவர் சொரிமுத்து திருநெல்வேலிக்காரன். "யக்கா, பிள்ளைய மடியில படுக்க வச்சுக் கால மட்டும் தூக்கிப் பிடிங்க. சிக்னலும் கிக்னலும் நான் பாத்துக்கிடுதேன்," என்றான். எந்த சிக்னலையும் அவன் பார்க்கவில்லை.

அட்டக்குளங்கரை தாண்டும்போது அந்தக் கீச்சுச் சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வந்தபோது பார்கவி கண்ணைத் திறந்து, "சேச்சி வரலையா?" என்றாள்.

மாலை நான்கு மணி. ஆஸ்பத்திரி, முதல் மாடி.

பார்கவி தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன், கையில் டிரிப். உதடு பழைய உதடாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அங்கேயே ஊசி போட்டதாலே தப்பிச்சா," என்றார் டாக்டர். "ஆனா அடங்கினது திரும்பவும் கிளம்பறது உண்டு. நாளைக்கு வரைக்கும் இங்கே இருக்கட்டும். அதுசரி, எதுல கலந்திருந்ததுன்னு கண்டுபிடிச்சேளா?"

அது தெரியாமல்தான் விஜயலக்ஷ்மி நாலு மணி நேரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கொண்டைக்கடலை அவளே பொறுக்கியது. தேங்காய் எண்ணெய் புது பாட்டில். பாத்திரம் அவளே தேய்த்தது.

கீழே போய் போனில் மேனேஜருடன் பேசிவிட்டு வந்த செல்லபாய் டீச்சர், உட்காராமலே சொன்னார்.

"சரசம்மாவை இனி வரவேண்டாம்னு சொல்லிட்டார்."

"எதுக்கு? கதவை உடைச்சதுக்கா? உடைக்கச் சொன்னது நீங்கதானே டீச்சர்?"

"அதை நான் பேசிப்பேன். அதில்லை இப்போ." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டுல நின்னு கப்பலண்டி தின்னுட்டு அந்தக் கையாலேயே விளம்பினா, அதான் இப்படி ஆச்சுன்னு தீர்மானமா சொல்றார். அவ தினம் தின்பாள்னு பெட்டிக்கடைக்காரன்கூடச் சொல்லிட்டானாம்."

"ஜூன்ல நிறுத்திட்டாளே!"

"யார் நம்புவா? இருபது வருஷம் தின்னவ." டீச்சர் பையை எடுத்துக்கொண்டார். "நான் கரமனைக்குப் போறேன். மேனேஜர் ஆறு மணிக்கு அங்கே என் வீட்டுக்கு வரார், ஆர்டர் எழுத. குழந்தையைப் பார்த்துக்கோங்க."

அவர் இறங்கிப் போகவும் ஸ்ரீகண்டன் ஏறி வரவும் சரியாக இருந்தது. விஜயலக்ஷ்மியின் கணவன். டியூட்டோரியலில் கணக்கு வாத்தியார். வீட்டிலிருந்த இரண்டாவது பேனாவைக் கொடுக்க ஒருமுறை வந்துவிட்டு, பள்ளிக்கூடம் போய்த் திரும்பியிருந்தான். கையில் பெரிய துணிப்பை.

"தூங்கறாளா?"

"ம். என்ன அது?"

"உன் பாத்திரம். அப்படியே கிடந்தது, எடுத்துண்டு வந்தேன். கழுவக்கூட ஆளில்லை."

பையிலிருந்து கரண்டியின் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. விஜயலக்ஷ்மி அதை உருவி எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

குழியும் காம்பும் சேருமிடத்தில் இரண்டு ஆணி அடித்திருந்தது. ஆணிக்கு அடியில் ஒரு மெல்லிய இடுக்கு. அந்த இடுக்கில் வெங்காயச் சருகு மாதிரி, செம்பழுப்பு நிறத்தில் என்னவோ ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளினாள். பின்னாலேயே நசுங்கிய பருப்புத் துணுக்கு ஒன்று வந்தது.

வேர்க்கடலை. தோலோடு.

காலையில் நடந்தது அப்படியே கண்முன் வந்தது. வீட்டுக் கரண்டி குட்டை. அடுத்த வீட்டு சூடாமணி மாமி தன் நீளக் கரண்டியை நீட்டினாள். 'மடியா துடைச்சு வச்சிருக்கேன். நைவேத்தியத்துக்குப் போறது, குழாயடியில வச்சு மடி போய் விழுப்பாக்கிடாதே, அப்படியே எடுத்துண்டு போ.' அவளும் அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். மடியாக இருந்ததால் கழுவவில்லை. மாமி வீட்டுக் கொலுவுக்கு முந்தினநாள் என்ன சுண்டல் என்று கேட்கவும் இல்லை.

சாமிக்குச் சுத்தம். அதற்குமேல் ஒரு சுத்தம் உண்டு என்று, ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவளுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

"ஏன்னா..." உள்ளங்கையை நீட்டினாள். "என்னாலதான்."

ஸ்ரீகண்டன் பார்த்தான். மெதுவாகக் கதவைச் சாத்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இப்பதானே பார்த்தேன். டீச்சர்கிட்ட சொல்லணும். சரசம்மாவை வேலையை விட்டு அனுப்பறாளாம், அவதான் காரணம்னு."

"சொல்லாதே."

"என்ன சொல்றேள்?"

"விஜி, நீ என்ன எழுதிக் கொடுத்தேன்னு நினைவிருக்கோ? ஆத்துப் பாத்திரத்தாலே நேர்ந்தா டி.சி. நாலு ஸ்கூல் படி ஏறி இறங்கினோம். ஒருத்தனாவது அந்தப் பேனாவைக் கையால தொட்டானா? இங்கேயும் போச்சுன்னா பாரு எங்கே படிப்பா? ஆத்துக்குள்ள பூட்டி வச்சுக்கலாமா?"

"அப்போ சரசம்மா?"

"அவளுக்கு நான் வேற இடம் பார்த்துத் தரேன். எத்தனை டியூட்டோரியல் இருக்கு!"

"திருடி மாதிரி பேர் வாங்கிண்டு போகணும் அவ. குழந்தையைக் கொல்லப் பார்த்தவள்னு. நாளைக்குப் பாரு கேப்பா, சேச்சி எங்கேம்மான்னு. என்ன சொல்லட்டும்?"

"உயிரோட இருந்து கேக்கறாளே, அது போறும் நேக்கு!"

"யாராலே இருக்கா?"

கெட்ட மனுஷன் இல்லை அவன். ஒரு வருஷமாகப் பெண்ணின் மூச்சைக் காதால் எண்ணிக்கொண்டே தூங்குகிற அப்பன். அது விஜயலக்ஷ்மிக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அவ ஒரு தப்புப் பண்ணினா, நானும் அதே தப்பைத்தான் பண்ணினேன்," என்றாள். "அவ பக்தியிலே பெட்டியை உள்ளே வச்சா. நான் பக்தியிலே கரண்டியைக் கழுவலை. அவ எழுந்து கதவை உடைச்சா. நான்?"

வெளியே போய் நர்ஸிடம் ஒரு காகிதமும் பேனாவும் கேட்டாள். நர்ஸ் மருந்துச்சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள்.

பூஜைக்குப் புஸ்தகம் வைத்த பிறகு விஜயதசமி வரை எழுதக் கூடாது. பிறந்ததிலிருந்து முப்பத்திரண்டு நவராத்திரியில் ஒரு தடவைகூட அவள் எழுதியதில்லை. ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்தாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். அப்புறம் எழுதினாள்.

'மரியாதைக்குரிய செல்லபாய் டீச்சருக்கு. வேர்க்கடலை இருந்தது சரசம்மாவின் கையில் அல்ல, நான் கொண்டுவந்த கரண்டியில்...'

முக்கால் பக்கம். மடித்துக் கணவனிடம் நீட்டினாள்.

"நான் குழந்தையை விட்டு நகர முடியாது. மேனேஜர் ஆறு மணிக்கு ஆர்டர் எழுதறார். அதுக்குள்ள இது கரமனைக்குப் போகணும். நீங்கதான் கொண்டுபோகணும்."

ஸ்ரீகண்டன் காகிதத்தைப் பிரிக்கவில்லை. கட்டிலில் தூங்கும் பெண்ணைப் பார்த்தான். அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தான். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். படியிறங்கிப் போனான்.

விஜயலக்ஷ்மி ஜன்னலுக்கு வந்தாள். கீழே அவன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவது தெரிந்தது.

"அம்மா," பின்னால் கட்டிலிலிருந்து கரகரத்த குரல். "திங்கட்கிழமை ஸ்கூல் உண்டோ?"

"உண்டுடா கண்ணா," என்றாள், திரும்பாமலே.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்து கரமனைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும்.

ஸ்கூட்டர் வலது பக்கம் திரும்பியது.